ஸ்கூல் போர்டு வேட்பாளரின் சின்ன வயதுக் கதையைப் பார்த்து ஓட்டுப் போடலாமா?

ஏப்ரல் 14, 2024 (கேள்வி)

அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில் எங்கள் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மே 21 அன்று, பள்ளிகளை நிர்வகிக்கும் குழுவான ஸ்கூல் போர்டுக்கும் தேர்தல் நடக்கிறது. குடியுரிமை வாங்கி நான் போடப்போகும் முதல் ஓட்டு. தபாலில் வந்த பிரசுரத்தில் முக்கால் பக்கம் வேட்பாளரின் கதைதான். பண்ணையில் வளர்ந்தாராம், உள்ளூர்ப் பள்ளியில் படித்தாராம், பதினாறு வயதில் மளிகைக் கடையில் சாமான் அடுக்கினாராம். வரி, பாடப்புத்தகம், பஸ் பற்றியெல்லாம் மொத்தம் நாலு வரி. சின்ன வயதில் என்ன செய்தார் என்பதை வைத்து நாளைக்கு என்ன செய்வார் என்று சொல்ல முடியுமா? முடியாது என்பது என் கட்சி.

ஏப்ரல் 14, இரவு (பதில்)

முடியும் என்பது என் கட்சி. ஒரு ஆளைக் காட்டியே சொல்கிறேன். நம் ஜார்ஜியாவின் ஜிம்மி கார்ட்டர். கவர்னர், ஜனாதிபதி எல்லாம் பிற்பாடு வந்தவை. அதற்கு வெகு முன்னால், 1950களின் நடுவில், சம்டர் கவுண்டி ஸ்கூல் போர்டு தேர்தலில் ஜெயித்து உள்ளே போனவர். அப்போது அவருக்கு முப்பது, முப்பத்தொன்று வயது இருக்கும். அன்றைக்கு அவருக்காக யாராவது பிரசுரம் அடித்திருந்தால், உங்கள் வீட்டுக்கு வந்தது மாதிரியேதான் இருந்திருக்கும்: பண்ணை, ஊர்ப் பள்ளி, தெருவில் கடலை விற்றது, கடற்படை. அந்தப் பிரசுரத்தைப் படித்தால் எதைத் தெரிந்துகொண்டிருப்போம் என்று பார்க்கலாம். போன வருஷம் குடும்பத்தோடு அவருடைய ஊரான பிளெயின்ஸ் போய் வந்தோம், எல்லாம் கண்ணில் நிற்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 15

பிறந்தது 1924 அக்டோபர் 1, பிளெயின்ஸில். அம்மா லில்லியன் நர்ஸ். மருத்துவமனையில் பிறந்த முதல் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர்தான். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் வீட்டுப் பிரசவம். நாலு வயதில் குடும்பம் ஆர்ச்சரி என்ற குக்கிராமத்துப் பண்ணைக்கு மாறியது. அங்கே கரண்ட் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. 1935இல் காற்றாலை வைத்துத் தண்ணீர் ஏற்றினார்கள். கரண்ட் வந்தது 1938இல். அந்த வீட்டில் ஷவர் என்பது அடியில் துளை போட்ட ஒரு தகர வாளி. இன்றும் அப்படியே தொங்குகிறது. என் பெண் அதைப் பார்த்து நின்றவள் நகரவே இல்லை.

ஐந்தாறு வயதில் தோட்டத்தில் வேர்க்கடலையைப் பிடுங்கி, கழுவி, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, சின்னப் பைகளில் கட்டிக்கொண்டு பிளெயின்ஸ் தெருவில் விற்கப் போனார். பை ஐந்து சென்ட். நாளுக்கு ஒரு டாலர்வரை கிடைத்தது. பொழுது விடிந்தது முதல் வயலில் நின்ற பெரியவர்களின் தினக்கூலியும் அன்று அவ்வளவுதான். இந்த ஒப்பீட்டைச் சின்னப் பையன் அன்றே கவனித்தானா என்று எனக்கு யோசனையாக இருக்கிறது.

திண்டிவனம் பக்கத்து ஆள் நான். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் மல்லாட்டை. செடி பிடுங்கும் நாட்களில் எங்கள் வீட்டு அண்டாவிலும் இதே வேலைதான் நடக்கும், அதே உப்பு, அதே வாசனை. ஜார்ஜியாவில் சாலையோரத்தில் வேகவைத்த கடலை என்று பலகை எழுதி வைத்திருப்பதை முதல் தடவை பார்த்த அன்று காரை ஓரங்கட்டி வாங்கித் தின்றேன்.

ஏப்ரல் 15, சற்றுக் கழித்து

விட்டுப்போனது: கடலைக் காசைச் சேர்த்துப் பஞ்சுப் பொதிகள் வாங்கிப்போட்டு, விலை ஏறியதும் விற்று, பிளெயின்ஸில் சின்னச் சின்ன வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்டார். அப்போதும் பள்ளிப் பையன்தான். அப்பா பணத்தை உருட்டத் தெரிந்த விவசாயி, அவரிடம் கற்றது அது. ஆகவே "ஏழைப் பண்ணைப் பையன்" என்று யாராவது எழுதினால் பாதிதான் சரி. வசதி குறைந்த வீடுதான், ஆனால் நிலமும் கடையும் கூலியாட்களும் இருந்த வீடு. வேட்பாளர் பிரசுரங்களில் இந்த வித்தியாசத்தை எப்போதும் மழுப்பிவிடுவார்கள். "பண்ணையில் வளர்ந்தவர்" என்று போட்டிருந்தால் நிலம் யாருடையது என்று கேளுங்கள்.

ஏப்ரல் 17

பள்ளி எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிளெயின்ஸ் ஹைஸ்கூல். 1941இல் படித்து முடித்தார். ஜூலியா கோல்மன் என்று ஒரு ஆசிரியை. காலைச் சாய்த்து நடப்பார், பார்வையும் மங்கல். அந்தச் சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டு, ஓவியம், கவிதை, பட்டிமன்றம் எல்லாவற்றையும் காட்டியவர். பன்னிரண்டு வயதுக் கார்ட்டரிடம் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் 'போரும் அமைதியும்' என்ற ரஷ்ய நாவலைப் படிக்கச் சொன்னார். தலைப்பைப் பார்த்துவிட்டு கௌபாய்களும் செவ்விந்தியர்களும் சண்டை போடும் கதை என்று நினைத்துக்கொண்டு எடுத்தாராம் பையன். 1977இல் ஜனாதிபதியாகப் பதவியேற்ற உரையில் அந்த டீச்சரின் பெயரைச் சொன்னார்: காலத்துக்கேற்ப மாறவும் வேண்டும், மாறாத கொள்கைகளைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும் என்று அவர் சொல்வாராம். பதவியேற்பு மேடையில் நின்று தன் ஊர்ப் பள்ளி ஆசிரியையின் பெயரைச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்! எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த டீச்சர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

மரவேலையையும் அந்தப் பள்ளியின் விவசாய மாணவர் சங்கத்தில்தான் கற்றார். வயதான பிறகும் நாற்காலி, மேஜை செய்துகொண்டிருந்த கை அது. பள்ளிக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம்.

ஒன்று சொல்ல வேண்டும். அது வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளி. முதலில் எழுதும்போது இதைத் தாண்டிப் போய்விட்டேன். தாண்டிப் போகக்கூடாத விஷயம்.

ஏப்ரல் 20

அதைப் பற்றித்தான் மூன்று நாளாக யோசனை.

ஆர்ச்சரியில் அக்கம்பக்கம் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள். கார்ட்டரின் விளையாட்டுத் தோழர்கள் அந்தப் பிள்ளைகள். ஜாக் கிளார்க், ரேச்சல் கிளார்க் என்ற தம்பதி பண்ணையில் வேலை செய்தார்கள். அப்பா அம்மா வெளியூர் போன இரவுகளில் பையன் அவர்கள் வீட்டில்தான் தூங்குவான், சோளத்தட்டை அடைத்த பாயில். மீன் பிடிப்பதையும் காட்டுச் செடிகளையும் ரேச்சல்தான் சொல்லிக்கொடுத்தார். இவ்வளவு நெருக்கம். ஆனால் பள்ளிக்கூடம் வேறு, கோயில் வேறு, ரயில் பெட்டி வேறு.

பதினான்கு வயது வாக்கில் ஒருநாள், இரண்டு தோழர்களோடு மேய்ச்சல் நிலத்து வாசலுக்கு வருகிறார். அவர்கள் வாசலைத் திறந்து, ஒதுங்கி நின்று, இவரை முதலில் போகவிடுகிறார்கள். அதுவரை அப்படி இல்லை. ஏதோ விளையாட்டு, கால் தடுக்கிவிடும் கம்பி கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். கம்பி ஒன்றும் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் ஏதோ சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பழைய மாதிரி இல்லை என்று வயதான பிறகு எழுதினார்.

இதைப் படித்த அன்று நான் தூங்கவில்லை. எங்கள் ஊரில் பள்ளி ஊர்த்தெருவில். என் வகுப்பில் ஒரு நண்பன் காலனியிலிருந்து வருவான். எங்கள் தெரு வழியாக வந்தால் பத்து நிமிஷம். அவன் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வருவான், அரை மணி ஆகும். அவனுக்கு ஏரி பிடிக்கும் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை "நானும் ஏரிப்பக்கம் வரட்டுமாடா?" என்று கேட்டதுகூட நினைவிருக்கிறது. அவன் சிரித்தான். கல்லூரிக்குப் போன பிறகு, ஒரு பஸ் பயணத்தில், சும்மா இருக்கும்போது எனக்குப் புரிந்தது. பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஏன் சுற்றி வந்தான் என்பது அதுவரை எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 21

நேற்று எழுதியதற்கு ஒருவர், "அப்படியானால் உங்கள் கட்சியே தோற்றுவிட்டதே, கறுப்பினத்தவர் நடுவில் வளர்ந்தவருக்கே தெரியவில்லை என்றால் வளர்ப்பைப் பார்த்து என்ன பயன்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. பதில் இன்னும் என்னிடம் இல்லை.

ஏப்ரல் 24

முதல் வேலையைப் பார்ப்போம். பக்கத்து நகரமான அமெரிக்கஸில் ஒரு வருஷக் கல்லூரி, அப்புறம் ஜார்ஜியா டெக், அப்புறம் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரி. தட்டைப் பாதம் என்று தள்ளிவிடுவார்களோ என்று பயந்து, கோக் பாட்டில் மேல் காலை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். 1946இல் எண்ணூறு சொச்சம் பேரில் அறுபதாவதாக வெளியே வந்தார். ஜூலை 7 அன்று ரோஸலினோடு கல்யாணம். அந்தக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர் வெஸ்லி பிரவுன், 1949இல். அவரும் கார்ட்டரும் ஒரே ஓட்டப்பந்தய அணியில் ஓடினார்கள்.

பிறகு நீர்மூழ்கிகள். 1952இல் அணுசக்திக் கப்பல் திட்டத்துக்காக, அதன் தலைவர் ரிக்கோவரிடம் நேர்காணல். கல்லூரியில் எத்தனையாவது இடம் என்று கேட்டார், இவர் பெருமையாகச் சொன்னார். "உன்னால் முடிந்த முழுவதையும் செய்தாயா?" என்று அடுத்த கேள்வி. ஆமாம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, இல்லை, எல்லா நேரமும் அப்படிச் செய்யவில்லை என்றார். "ஏன் இல்லை?" என்று கேட்டுவிட்டு ரிக்கோவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். பேட்டி முடிந்தது. வேலை கிடைத்தது.

அந்த டிசம்பரில் கனடாவில் சாக் ரிவர் அணு உலை உருகிச் சேதமானது. உதவிக்குப் போன அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை இவர், வயது 28. டென்னிஸ் மைதானத்தில் உலையின் மாதிரியை அமைத்து, எந்தத் திருகை யார் கழற்றுவது என்று பழகிவிட்டு, ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம் மட்டும் உள்ளே இறங்கி வேலை செய்தார்கள். பிரசுரத்தில் இதைப் போட்டால் யார்தான் ஓட்டுப் போடமாட்டார்கள்!

1953இல் அப்பா புற்றுநோயில் இறந்தார். படுக்கையைச் சுற்றி வந்துபோனவர்களைப் பார்த்துத்தான், கடற்படையை விட்டு ஊருக்குத் திரும்ப முடிவெடுத்தார். ரோஸலினுக்குக் கடுங்கோபம். காரில் ஊர் திரும்பும் வழியெல்லாம் கணவரோடு நேராகப் பேசவில்லை. "ஜாக், அப்பாவிடம் வண்டியை நிறுத்தச் சொல்லு" என்று சின்ன மகன் மூலமாகத்தான் பேச்சு. இதை வாசித்துக் காட்டியபோது என் மனைவி "நானும் அப்படித்தான் செய்திருப்பேன்" என்றாள். முதல் வருஷமே மழை பொய்த்து விளைச்சல் போனது. குடியிருந்தது அரசு குறைந்த வாடகைக்குக் கட்டிக்கொடுத்த குடியிருப்பில்.

ஏப்ரல் 27 (திருத்தம்)

முதல் நாள் "தேர்தலில் ஜெயித்து உள்ளே போனவர்" என்று எழுதியது தவறு. மன்னிக்கவும். அன்று ஜார்ஜியாவில் கவுண்டி ஸ்கூல் போர்டுக்குப் பொதுவாகத் தேர்தலே கிடையாது. 1945இன் மாநில அரசியல் சட்டப்படி கவுண்டியின் கிராண்ட் ஜூரி (கோர்ட் அழைத்து உட்காரவைக்கும் குடிமக்கள் குழு), சொந்த நிலம் உள்ள ஐந்து பேரைப் பார்த்து நியமிக்கும். மாநிலம் முழுக்க மக்கள் ஓட்டில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வந்தது 1992 திருத்தத்துக்குப் பிறகுதான். ஆக, கார்ட்டர் ஓட்டுக் கேட்டு உள்ளே வரவில்லை. அவருடைய அப்பாவும் அதே போர்டில் இருந்தவர்.

இது சின்னத் திருத்தமில்லை. கிராண்ட் ஜூரியில் உட்கார்ந்தவர்கள் வெள்ளையர்கள். நிலம் உள்ளவர்கள் நிலம் உள்ளவரைத் தேர்ந்தார்கள். கடலை விற்றதையும் அணு உலையில் இறங்கியதையும் யாரும் பரிசீலித்திருக்க வேண்டியதே இல்லை, இன்னார் மகன் என்பதே போதும். அதனால் ஏப்ரல் 14இல் நான் கற்பனை செய்த அந்தப் பிரசுரத்துக்கு அன்று வேலையே இல்லை. உங்கள் கைக்கு ஒரு பிரசுரம் வருகிறதே, அது வருவதற்கே எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது!

ஏப்ரல் 28

இப்போது அந்த பஸ் விஷயம். ஏப்ரல் 21 கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

போர்டில் சேர்ந்து சில மாதங்கள் ஆன பிறகுதான், வெள்ளையர் பிள்ளைகள் பஸ்ஸில் போகிறார்கள், கறுப்பினப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள் என்பதே தனக்கு உறைத்தது என்று அவரே பின்னாளில் எழுதினார். இப்போது நினைத்தால் நம்பவே முடியவில்லை என்றும் எழுதினார். 1954இல் பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அணு உலையின் ஒவ்வொரு திருகும் தெரிந்த மனிதருக்கு, தன் வீட்டு வாசல் சாலையில் யார் நடக்கிறார்கள் என்பது தெரியவில்லை. கூடவே விளையாடியவர்கள் அப்படி நடந்தவர்கள்தானே! போர்டு உறுப்பினர்கள் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்தபோது, கறுப்பினப் பிள்ளைகளின் வகுப்புகள் பல தேவாலயங்களிலும் வீடுகளிலும் நடந்தன. புத்தகங்கள் வெள்ளையர் பள்ளியில் கிழிந்து கழித்தவை. பிறகு அவர்களுக்கும் பழைய பஸ் விட்டார்கள். அந்த பஸ்களின் முன்பக்க மட்கார்டுக்குக் கறுப்பு வர்ணம் அடிக்க வேண்டும் என்று சட்டமன்றம் விதித்தது. யார் போகும் வண்டி என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம்.

அதனால் என் கட்சியைத் திருத்துகிறேன். வளர்ப்பைப் படிக்கலாம். ஆனால் அதில் இருப்பதைப் படித்தால் போதாது. அந்தக் கதையில் சுற்றி நடந்துபோனவர் யார் என்று தேட வேண்டும்.

மே 5

"அப்படியென்றால் அவரும் எல்லாரையும் போலத்தானே" என்று எழுதியவருக்கு. இல்லை. பள்ளிகளில் இனங்கள் சேர்வதை எதிர்த்த அமைப்பான வெள்ளையர் குடிமக்கள் கவுன்சில் பிளெயின்ஸுக்கு வந்தபோது சேர மறுத்தார். ஊரில் மறுத்த ஒரே வெள்ளைக்காரர் என்கிறார்கள். ஐந்து டாலர் சந்தாவை நாங்களே கட்டுகிறோம் என்று நண்பர்கள் வந்தார்கள். அதைக் கழிவறையில் போட்டாலும் போடுவேன், சேரமாட்டேன் என்றார். கொஞ்ச காலம் அவருடைய கடலைக் கிடங்குக்கு வியாபாரம் வரவில்லை. 1961இல், போர்டுத் தலைவராக, கவுண்டிப் பள்ளிகளையும் அமெரிக்கஸ் நகரப் பள்ளிகளையும் இணைக்கும் திட்டத்துக்கு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இணைத்தால் அடுத்தது இனக் கலப்புதான் என்று எதிர்த்தார்கள். கிடங்குக் கதவில் அசிங்கமான வாசகத்தோடு அட்டை தொங்கியது. வாக்கெடுப்பில் கொஞ்ச வித்தியாசத்தில் திட்டம் தோற்றது. அவருடைய சொந்த ஊரே எதிராக ஓட்டுப் போட்டது.

அதே நேரம், அவர் போர்டில் இருந்த காலம் முழுக்க சம்டர் கவுண்டிப் பள்ளிகள் பிரிந்தே இருந்தன. அதை அவர் உடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனமில்லை.

மே 12

நேற்று எங்கள் பகுதி நூலகத்தில் ஒரு வேட்பாளர் வந்து பேசினார். நாற்பது பேர் இருந்தோம். பண்ணை, அம்மா பஸ் ஓட்டினது, மளிகைக் கடையில் முதல் வேலை எல்லாம் சொன்னார். கேள்வி நேரத்தில் எழுந்து, "உங்கள் பள்ளி நாட்களில் உங்களுக்குத் தெரியாமல் கஷ்டப்பட்டவர் என்று இப்போது தெரியவந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றேன். என் குரல் கொஞ்சம் நடுங்கியது.

அவர் உடனே பேசவில்லை. அப்புறம், தன் வகுப்பில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் நூலகத்துக்குப் போய்விடும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். படிப்பில் அவ்வளவு ஆசை என்று எல்லாரும் நினைத்தார்களாம். அவர் இப்போது எங்கே என்று தெரியாது என்று முடித்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போகாமல் தண்ணீர் குடித்தார்.

மதிய உணவுப் பாக்கி வைத்திருக்கும் பிள்ளைகள் பற்றி அவரிடம் ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று வெளியே வந்தபோது கேட்டேன். இருக்கிறது, பிரசுரத்தில் இடம் போதவில்லை என்றார். முதலில் அதைப் போடுங்கள், மளிகைக் கடையை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 21

ஓட்டுப் போட்டாயிற்று. கேள்வி கேட்டவரும் போட்டிருப்பார் என்று நம்புகிறேன். முதல் ஓட்டுக்கு வாழ்த்துகள்.

ஜனவரி 4, 2025

டிசம்பர் 29 அன்று கார்ட்டர் காலமானார். நூறு வயது. இன்று அமெரிக்கஸிலிருந்து அட்லாண்டாவுக்குக் கொண்டுபோகும் வழியில், ஆர்ச்சரி பண்ணை வீட்டுக்கு எதிரே வண்டி நின்றது. அந்த வீட்டைப் பராமரிக்கும் தேசியப் பூங்கா ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். பழைய பண்ணை மணியை 39 தடவை அடித்தார்கள், அவர் முப்பத்தொன்பதாவது ஜனாதிபதி என்பதால். வீட்டில் டிவியில் பார்த்தோம். நாங்கள் போனபோது அந்த மணிக்குப் பக்கத்தில் நின்று என் பெண் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் காலத்தில் இந்த மணியை யார் அடிப்பார்கள் என்று கேட்டாள். ஜாக் கிளார்க், விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், எல்லாரையும் எழுப்ப என்றேன். அப்படியானால் அவரை யார் எழுப்புவார்கள் என்றாள்.